பிள்ளைகள் கையில் மண்வெட்டி கொடுத்த டாக்டர் சவுந்தரம் அம்மாள்

மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் பஸ் என்றால் அது டி.வி.எஸ். பஸ்தான். அந்தக் கம்பெனியின் முதலாளி டி.வி.சுந்தரம் அய்யங்கார். பெரிய செல்வர்.

அவருடைய மகள், திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு பொட்டல் காட்டில் வந்து குடியேறினார். பட்டு உடுத்தியிருக்க வேண்டியவர், கதர் உடுத்தினார். பங்களாவில் தன் குழந்தைகளைச் சீராட்டியிருக்க வேண்டியவர், ஊரார் குழந்தைகளுக்கு எல்லாம் அம்மா ஆனார்.

அவர் அமைத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் மட்டும் கொடுக்கவில்லை. துடைப்பமும் மண்வெட்டியும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஏன் தெரியுமா? அந்த அம்மாள் ஒரு டாக்டர். நோய் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அவர்தான் காந்திகிராமத்தை உண்டாக்கிய டாக்டர் சவுந்தரம் அம்மாள்.

பிளேக் பறித்த கணவர்

சவுந்தரம் 1904ம் ஆண்டு ஆகஸ்டு 18ந் தேதி பிறந்தார். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. வளர்ந்தது மதுரையில்.

அந்தக் காலத்து வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சவுந்தரராஜன், உறவுக்காரர். டாக்டருக்குப் படித்தவர். பெண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாளில், தன் மனைவி படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்.

மதுரையில் பிளேக் நோய் பரவியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடித்தால் வருகிற நோய் அது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். காய்ச்சல் அனலாக அடிக்கும். சில நாளில் ஆளைக் கொண்டு போய்விடும். எங்கே குப்பை குவிகிறதோ, எங்கே தானியம் சிந்திக் கிடக்கிறதோ அங்கே எலி பெருகும். எலி பெருகிய இடத்தில் பிளேக்கும் வரும்.

பிளேக் என்றால் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடுவார்கள். சவுந்தரராஜன் ஓடவில்லை. நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அவரையும் நோய் பற்றிக்கொண்டது. 1925ம் ஆண்டு இறந்து போனார்.

தனக்குப் பிறகு மனைவி மூலையில் உட்கார்ந்து வாழ்க்கையை வீணாக்கக்கூடாது, டாக்டருக்குப் படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம்.

சவுந்தரத்துக்கு அப்போது வயது 21. அந்தக் குலத்தில் விதவை என்றால் தலையை மழித்து, நார்மடி கட்டி, சமையல் அறையோடு சரி. நல்லவேளை, தகப்பனார் அப்படிச் செய்ய விடவில்லை. மகளைப் படிக்க வைத்தார். விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, சவுந்தரம் டெல்லிக்கு ரெயில் ஏறினார். அங்கே லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936ல் டாக்டர் ஆனார். வயது 32.

சேவாகிராமத்தில் கல்யாணம்

டெல்லியில் அவருடன் பழகியவர் சுசீலா நய்யார். அவரும் டாக்டருக்குப் படித்தவர். பிற்காலத்தில் மத்திய மந்திரி ஆனவர். அவர் மூலமாகத்தான் சவுந்தரத்துக்குக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது.

அந்த நாட்களிலேயே ஜி.ராமச்சந்திரனையும் சந்தித்தார். ராமச்சந்திரன் திருவனந்தபுரம் பக்கத்துக்காரர். சாந்தி நிகேதனில் கவி தாகூரிடம் படித்தவர். பிறகு காந்தியடிகளின் சீடர் ஆகி, அரிசனத் தொண்டில் இறங்கியவர். இருவர் மனமும் ஒன்றுபட்டன.

வீட்டில் புயல் வீசியது. விதவைக்கு மறுமணம் என்பதே அன்று பெரிய விஷயம். மாப்பிள்ளையோ வேறு சாதி, வேறு மொழி. மகளைப் படிக்க வைத்த தகப்பனாராலும் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

விவகாரம் காந்தியடிகளிடம் போயிற்று. ஓர் ஆண்டு இருவரும் சந்திக்காமல், கடிதம்கூட எழுதாமல் இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். அதன் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் தானே கல்யாணத்தை நடத்தி வைப்பதாக ஏற்றுக்கொண்டார். ஓர் ஆண்டு கழிந்தது. மனம் மாறவில்லை. 1940ம் ஆண்டு நவம்பரில் சேவாகிராம ஆசிரமத்தில் காந்தியடிகளும் கஸ்தூரிபா அம்மையாரும் முன்னின்று கல்யாணம் செய்துவைத்தார்கள்.

அந்த ஆசிரமத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திண்டுக்கல் கதைக்கு விதை அங்கேதான் இருக்கிறது.

சேவாகிராமத்தில் தோட்டி கிடையாது. கழிப்பிடத்தைச் சுத்தம் செய்வது ஆசிரமவாசிகளின் வேலை. பிராமணர், வக்கீல், வெளிநாட்டு விருந்தாளி யாராக இருந்தாலும் முறை உண்டு. அங்கே நடந்த பள்ளிக்கூடத்திலும் இதே வழக்கம்தான். அந்தப் பள்ளியை நடத்தியவர் ஆரியநாயகம் என்ற யாழ்ப்பாணத் தமிழர். அவருடைய மனைவி ஆஷாதேவி வங்காளத்துப் பெண்மணி. கைத்தொழிலையும் சுற்றுப்புறத்தையும் வைத்தே எழுத்தையும் கணக்கையும் சொல்லிக் கொடுக்கும் முறை அது. 1937ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் அதை நாட்டின் முன் வைத்தார். தமிழில் அதை ஆதாரக் கல்வி என்பார்கள்.

அம்பாத்துரை ஸ்டேஷன்

1944 பிப்ரவரி 22ந் தேதி கஸ்தூரிபா சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாக ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் முழுவதும் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவாக வேண்டும் என்று காந்தியடிகள் ஏற்பாடு செய்தார். தமிழ்நாட்டில் அந்த நிதியின் பிரதிநிதியாக டாக்டர் சவுந்தரத்தை நியமித்தார்.

1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் யாத்திரை வந்தார். திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானல் ரோடுக்கும் நடுவே அம்பாத்துரை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே அவரைக் காண ஜனங்கள் திரண்டார்கள். அந்த ஸ்டேஷனுக்கு அருகேதான், நாடு சுதந்திரம் அடைந்த இரண்டாவது மாதம், 1947 அக்டோபர் 7ந் தேதி காந்திகிராமம் உதயமாயிற்று. ரிச்சர்டு கெய்தான் என்ற அமெரிக்கத் தொண்டரும் ஆரம்பத்தில் துணை நின்றார்.

இடத்தைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கிழக்கே சிறுமலை. மற்றபடி வெயில் காயும் செம்மண் தரை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் ஆதாரம். அது பொய்த்தால் கிணறு வற்றிவிடும். பக்கத்தில் சின்னாளபட்டி. தறியும் சுங்குடிச் சேலையும் நிறைந்த நெசவாளர் ஊர்.

சின்னாளபட்டியில் இரண்டே படுக்கை போட்டு ஒரு பிரசவ விடுதி ஆரம்பித்தார் சவுந்தரம் அம்மாள். கஸ்தூரிபா ஆஸ்பத்திரியின் தொடக்கம் அதுதான்.

வெறுங்காலில் ஏறும் புழு

அந்தக் காலத்துக் கிராமத்தில் பிரசவம் என்றால் மறுபிறப்பு. தாய் வெளுத்துப் போயிருப்பாள். உடம்பில் ரத்தம் இருக்காது. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காது.

ரத்தம் எங்கே போயிற்று? சாப்பாடு போதாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் காலடியில் இருந்தது.

கொக்கிப் புழு என்று ஒன்று. மனிதனின் குடலில் பல்லால் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வரும். ஆட்கள் வெட்டவெளியில் ஒதுங்கினால், ஈரமண்ணில் அந்த முட்டை இரண்டு நாளில் பொரிந்துவிடும். பத்து நாளுக்குள் அந்தக் குஞ்சுப் புழு, மிதிக்கிற வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ரத்தத்தோடு ரத்தமாய்ச் சுற்றிக் கடைசியில் குடலுக்கு வந்து சேரும். ஒரு புழு குடிப்பது ஒரு சொட்டுதான். நூறு, இருநூறு புழு இருந்தால்?

மருந்து கொடுத்தால் புழு செத்துவிடும். ஆனால் அந்தப் பெண் அதே ஓடைக்கரைக்குத்தானே மறுபடி போக வேண்டும்? அடுத்த மாதமே புழு மறுபடி ஏறிவிடும்.

தண்ணீரிலும் இதே கதைதான். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. மேலே நின்று துணி துவைப்பார்கள். மாடு குளிப்பாட்டுவார்கள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவும் எடுப்பார்கள். காலரா வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி எத்தனை பெரிதாகக் கட்டினாலும், வாசலில் நோய் உற்பத்தி ஆகிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? பெரியவர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். பழக்கத்தை விடமாட்டார்கள். பழக்கம் படியாத வயதில் பிடிக்க வேண்டும். எனவே காந்திகிராமத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகளாக வளர்ந்தன. ஆதாரக் கல்விப் பள்ளி வந்தது. ஆதார ஆசிரியைகளைத் தயார் செய்யும் பயிற்சிப் பள்ளி வந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு சவுபாக்கிய இல்லம் வந்தது. பிள்ளைகள் அதிகாலையில் எழுந்தார்கள். பிரார்த்தனை செய்தார்கள். தங்கள் இடத்தைத் தாங்களே பெருக்கினார்கள். தோட்டத்தில் பாடுபட்டார்கள். நூல் நூற்றார்கள்.

எருக்குழிக் கணக்கு

ஆதாரப் பள்ளியில் குப்பை என்ற பேச்சுக்கே இடம் இல்லை. எல்லாம் எருதான்.

ஒரு குழி வெட்டச் சொல்வார்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம். பிள்ளைகள்தான் கயிறு பிடித்து அளக்க வேண்டும். மொத்தம் எத்தனை கன அடி மண் எடுக்க வேண்டும்? 72 கன அடி. கணக்குப் பாடம் முடிந்தது!

குழிக்குள் ஒரு வரிசை சருகும் தழையும். அதன் மேல் சாணிக் கரைசல். அதன் மேல் மண். மறுபடி சருகு, சாணி, மண். ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். சில நாளில் குழிக்குள் கையை விட்டால் சுடும். உள்ளே 60 டிகிரி சென்டிகிரேடு வரைக்கும் சூடு ஏறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தழையைத் தின்று விடுகிற சூடு அது. அந்தச் சூட்டில் களை விதை சாகும். புழுவின் முட்டை சாகும். ஈயும் பெருகாது. இது விஞ்ஞானப் பாடம். இடையில் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று, நான்கு மாதத்தில் கறுப்பாக, மழைநேரத்து மண் வாசனையோடு எரு கிடைக்கும். அதைக் கத்தரிப் பாத்திக்குப் போட்டால் காய்ப்பு கூடும். காய் மத்தியான சாப்பாட்டுக்கு வரும்.

கழிப்பிடத்துக்கும் வழி உண்டு. பள்ளமாகத் தோண்டி, ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூட வேண்டும். ஈ உட்காராது. வாடை இராது. பள்ளம் நிறைந்ததும் மூடிவிட்டு வேறு பள்ளம். மாதக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்தால் அதுவும் மண்ணாகிவிடும். குடிக்கிற கிணற்றுக்குத் தூரமாகத் தோண்ட வேண்டும், மேட்டில் தோண்டக்கூடாது என்பதையும் பிள்ளைகள் வேலையோடு வேலையாகத் தெரிந்துகொண்டார்கள். குளிக்கிற தண்ணீர் தேங்கினால் கொசு. வாய்க்கால் வெட்டி வாழைக்குப் பாய்ச்சினால் பழம்.

ஒரு சாதிக்கு மட்டும் அல்ல

இதையெல்லாம் படிக்கும்போது சுலபமாகத் தோன்றும். நடத்துவது சுலபம் அல்ல.

தெருக் கூட்டுவதும் மலம் அள்ளுவதும் ஒரு சாதியாரின் தலைவிதி என்று நம்பிய நாடு இது. துடைப்பத்தைத் தொட்டால் தீட்டு என்று நினைத்த வீட்டுப் பிள்ளையை, அதே துடைப்பத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். பெற்றோர் மனம் எப்படி இருந்திருக்கும்?

எதிர்ப்பு இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. 1953ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். 1954ல் காமராஜர் முதல் மந்திரி ஆனதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதிலிருந்து, பள்ளிக்கூடத்தில் கைவேலை என்று சொன்னாலே ஜனங்களுக்குச் சந்தேகம்.

ஆதாரக் கல்விக்கும் குலக்கல்விக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தோட்டி மகனுக்குத் துடைப்பம், கணக்கப்பிள்ளை மகனுக்குப் பேனா என்று பிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இரண்டும். முறைப்பட்டியலில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் அது பழைய கொடுமையாகிவிடும்.

இது கற்பனையான பயம் அல்ல. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழிப்பறையைக் கழுவ வைத்த ஆசிரியர்களைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் செய்தி வந்திருக்கிறது. அப்படிச் செய்தால் கல்வித் துறை நடவடிக்கை எடுக்கிறது. மனிதனே மலம் அள்ளுவதைத் தடுக்க 1993லும் 2013லும் சட்டங்கள் வந்தன. ஆதாரப் பள்ளியின் மண்மூடிய பள்ளத்தில் யாரும் யாருடையதையும் அள்ள வேண்டியதில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

வாடிய பயிர்

ஆதாரக் கல்வி நாடு முழுவதும் பரவியதா? இல்லை.

பல ஊர்களில் பள்ளியின் பெயர்ப் பலகையில் ஆதார என்ற சொல்லைச் சேர்த்ததோடு சரி. தக்ளி வாங்கி அலமாரியில் வைத்தார்கள். தோட்டத்துக்கு நிலம் இல்லை. கிணறு இல்லை. உபாத்தியாயருக்கே அதில் நம்பிக்கை இல்லை. மத்திய சர்க்கார் 1955ல் ஒரு மதிப்பீட்டுக் குழு போட்டது. அதற்குத் தலைவர் வேறு யாரும் இல்லை, சவுந்தரம் அம்மாளின் கணவர் ராமச்சந்திரன்தான்! ஆதாரக் கல்வி எங்கெங்கே பெயரளவில் நடக்கிறது என்பதை அவரே சுற்றிப் பார்த்து எழுத வேண்டி வந்தது.

காந்திகிராமம் மட்டும் வளர்ந்தது. 1956ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்கள் கிராமங்களுக்குப் போய்த் தங்கி வேலை செய்தார்கள். 1959ல், அமெரிக்க நீக்ரோ மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், காந்தி பிறந்த நாட்டைப் பார்க்க வந்தபோது காந்திகிராமத்துக்கும் வந்து போனார். அதே ஆண்டு ஆத்தூர் வட்டாரத்தில் சுகாதார முன்னோடித் திட்டம் ஆரம்பம் ஆயிற்று. குடும்பநலப் பிரசாரத்தில் அது நாட்டுக்கே வழிகாட்டி என்று பெயர் பெற்றது.

அதே மதுரை ஜில்லாவின் மறுகோடியில், தே.கல்லுப்பட்டியில், ஜே.சி.குமரப்பா வாழ்ந்து வந்தார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிற பொருளாதாரம்தான் நிலைக்கும் என்று எழுதியவர் அவர். குமரப்பா எழுதியதைத்தான் ஆதாரப் பள்ளிப் பிள்ளைகள் எருக்குழியில் செய்துகொண்டிருந்தார்கள். 1960 ஜனவரி 30ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா காலமானார்.

டெல்லிப் பதவி

சவுந்தரம் அம்மாள் அரசியலிலும் இருந்தார். 1942 போராட்டத்தில் கணவரும் மனைவியும் பங்கு கொண்டவர்கள். 1952 தேர்தலில் ஆத்தூரிலும், 1957ல் வேடசந்தூரிலும் வென்று சென்னை சட்டசபைக்குப் போனார். 1962ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். பிரதமர் நேரு அவரைக் கல்வித் துணை மந்திரி ஆக்கினார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

அவர் துணை மந்திரியாக இருந்தபோது, 1964ல் கோத்தாரி கமிஷன் நியமிக்கப்பட்டது. கைவேலை அனுபவமும் சமூக சேவையும் எல்லாப் பள்ளிகளிலும் கல்வியின் பகுதியாக வேண்டும் என்று 1966ல் அந்தக் கமிஷன் சிபாரிசு செய்தது. 1969ல் கல்லூரி மாணவர்களுக்காக நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது.

1967 தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தோற்றது. திண்டுக்கல்லில் சவுந்தரம் அம்மாளும் தோற்றார். பதவி போனவர்கள் டெல்லியைவிட்டு வர மனம் இல்லாமல் சுற்றுவது உண்டு. அந்த அம்மாள் நேரே காந்திகிராமத்துக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியும் குழந்தைகளும் காத்திருந்தார்கள்.

கிணறு கெட்ட கதை

காந்திகிராமத்தில் கிணற்றைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, சில மைல் தூரத்தில், திண்டுக்கல் டவுனைச் சுற்றி வேறொரு விதமாகக் கிணறுகள் கெட்டுக்கொண்டிருந்தன.

திண்டுக்கல்லுக்குப் பூட்டும் புகையிலையும்போலத் தோலும் பெயர் பெற்ற தொழில். ஊரில் தோல் ஷாப்பு என்பார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. பழைய முறையில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் உப்பு வந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கச் சாதாரண உப்பையும் அள்ளிக் கொட்டுவார்கள். கழுவிய தண்ணீர் குட்டைகளில் தேங்கி மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. தென்னை பட்டுப்போயிற்று.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 1996 ஆகஸ்டு 28ந் தேதி தீர்ப்பு வந்தது. வேலூர்ப் பகுதித் தோல் ஷாப்புகளைப் பற்றித் தொடுத்த வழக்கு என்றாலும், திண்டுக்கல்லுக்கும் அது பொருந்தும் என்று கோர்ட்டு சொன்னது. மாசுபடுத்திய ஆலைகளுக்கு அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. சவுந்தரம் அம்மாள் அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

மண்வெட்டி பிடித்த பிள்ளையால் தன் தெருக் கிணற்றைக் காக்க முடியும். ஆலைக் கழிவை அந்த மண்வெட்டியால் தடுக்க முடியாது. அதற்குச் சட்டமும் கோர்ட்டும் வேண்டியிருந்தன. 1991ல் வேறொரு வழக்கில், சுற்றுச்சூழல் எல்லாப் பள்ளி, கல்லூரிகளிலும் கட்டாயப் பாடம் ஆக வேண்டும் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பள்ளிகளில் தேசிய பசுமைப் படை வந்தது 2001ல். இன்று சுற்றுச்சூழல் மன்றம் இல்லாத பள்ளிக்கூடம் குறைவு.

குப்பையின் ஜாதகமும் மாறிவிட்டது. அந்தக் காலத்து ஆதாரப் பள்ளி வெளியே எறிந்தது என்ன? சருகு, வாழை இலை, சாம்பல், கந்தல் துணி, கிழிந்த காகிதம். அத்தனையையும் அந்த 72 கன அடிக் குழி விழுங்கி மண்ணாக்கிவிட்டது. இன்றைய பிள்ளையின் கையில் இருப்பது மிட்டாய் உறை, பாலிதீன் பை, பேனாக் குச்சி. இவற்றை எந்தக் குழியும் தின்னாது. ஒருமுறை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1ந் தேதி முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையைத் தூக்கச் சொல்லி இயக்கம் ஆரம்பித்தது. வாங்காமல் இருப்பதுதான் இந்தக் குப்பைக்கு வழி. அதைப் பழக்குவது எருக்குழி வெட்டப் பழக்குவதைவிடக் கஷ்டம்.

கடைசிக் காலம்

1976ல் காந்திகிராமக் கிராமியக் கல்வி நிலையத்துக்குப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. பொட்டல் காடு மரச்சோலை ஆகியிருந்தது. சவுந்தரம் அம்மாளுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவருக்கு ஆஸ்பத்திரிதான் உலகம்.

1984ம் ஆண்டு அக்டோபர் 21ந் தேதி அவர் காலமானார். வயது 80. மறு ஆண்டு திண்டுக்கல், மதுரையிலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. 1995ல் ராமச்சந்திரனும் மறைந்தார். 2005ல் சவுந்தரம் அம்மாளின் படம் போட்டுத் தபால் தலை வெளியிட்டது அரசாங்கம்.

இரண்டு படுக்கையோடு தொடங்கிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி இன்று பெரிய ஆஸ்பத்திரி. சிறுமலை அடிவாரத்து ஊர்களிலிருந்தும், ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் பிரசவத்துக்குப் பெண்கள் அங்கே வருகிறார்கள். சவுபாக்கிய இல்லத்தில் பெற்றோர் இல்லாத குழந்தைகள் வளர்கிறார்கள். கிராமியப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், பெட்டி படுக்கையோடு சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, ஊராரோடு சேர்ந்து தெருவைக் கூட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.